தோட்டாவுக்கு டேக் உண்டு, பாதரசத்துக்குக் கிடையாதா?

அமெரிக்க ராணுவத்துக்கு நீங்கள் சாக்ஸ் விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி இல்லை, ஏவுகணை இல்லை, வெறும் காலுறை. அதற்கும் பெட்டிக்குப் பெட்டி ஒரு ரேடியோ டேக் ஒட்ட வேண்டும், அதன் எண்ணைச் சரக்கு கிளம்பும் முன்பே கணினியில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்று 2003 அக்டோபரில் அவர்களுடைய பாதுகாப்புத் துறை அறிவித்தது. 2005 ஜனவரியில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கொள்முதல் விதியிலேயே சேர்த்துவிட்டார்கள். முதல் கட்டத்தில் மாட்டியவை எவை தெரியுமா? பொட்டலச் சாப்பாடு, உடுப்பு, கைக்கருவிகள், சிப்பாய்களின் சொந்த உபயோகச் சாமான்கள், உதிரி பாகங்கள். இரண்டே கிடங்குகளில் ஆரம்பித்தார்கள். ஒன்று கலிஃபோர்னியாவில், இன்னொன்று பென்சில்வேனியாவில்.

அந்தப் பென்சில்வேனியா என்ற பெயரை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை கொடைக்கானலைப் பற்றியது. அங்கே போகும் வழியில் அந்த ஊர் இன்னொரு முறை வரும்.

எங்கள் வகுப்பில் இந்த டேக் சமாச்சாரத்தைச் 'சப்ளை செயின்' பாடத்தில் ஒரு வெற்றிக்கதையாகச் சொல்லிக் கொடுப்பார்கள். ராணுவம் கேட்டது, வால்மார்ட்டும் 2003-லேயே தன் பெரிய நூறு சப்ளையர்களிடம் கேட்டது, உலகம் மாறியது, தேர்வில் பத்து மதிப்பெண். :-) ராணுவம் ஏன் கேட்டது என்பதை அதில் ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் வேண்டும்.

1991 வளைகுடாப் போரில் அமெரிக்கா சுமார் 40,000 கன்டெய்னர்களைப் பாலைவனத்தில் கொண்டுபோய் இறக்கியது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அதில் பாதிக்கும் மேற்பட்டதைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. உலகத்தின் மிகப் பணக்கார ராணுவம், நம்ம ஊர் பார்சல் ஆபீஸ் மாதிரி மூட்டையைப் பிரித்துப் பிரித்துத் தேடியது. கேட்டது வரவில்லை என்று மறுபடி கேட்டார்கள், அது வேறு மேலே வந்து குவிந்தது. அதை 'இரும்பு மலைகள்' என்று அவர்களே கேலி செய்துகொண்டார்கள். பட்டபிறகுதான் புத்தி வந்தது. அதாவது, சரக்கு தொலைந்தால் வலிப்பது வாங்குபவனுக்கு. அதனால்தான் வாங்குபவன் டேக் கேட்டான். பணமும் அவன் கையில்தான், எனவே விற்பவன் முனகிக்கொண்டே ஒட்டினான்.

முனகலும் கொஞ்சநஞ்சம் இல்லை. டேக்குக்குக் காசு, அதைப் படிக்கும் ரீடருக்குக் காசு, மென்பொருளுக்குக் காசு. சின்ன சப்ளையர்கள் பலர் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிது. லாரி கிளம்பும் முன் வாசலில் நின்று ஒட்டு, அனுப்பு, மற! தங்கள் குடோனில் அதைப் பயன்படுத்துவதே கிடையாது. இது போதாதென்று, கன்டெய்னர்களில் டேக் கட்டிக்கொண்டு போன 2003 இராக் போரிலேயே, அனுப்பியதாகக் கணக்கில் இருந்ததற்கும் வந்து சேர்ந்ததாகக் கணக்கில் இருந்ததற்கும் 120 கோடி டாலர் இடைவெளி என்று அவர்களுடைய தணிக்கை அமைப்பே அந்த ஆண்டு டிசம்பரில் சொன்னது. எனவே டேக் என்பது மந்திரத் தாயத்து என்று நான் சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல ஆயிரம் கம்பெனிகளின் விளம்பரப் புத்தகங்கள் இருக்கின்றன.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி: உங்கள் வீட்டுக் காரின் முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் இருக்கிறதே, அதே ரகம்தான். உள்ளே பேட்டரி கிடையாது. டோல்கேட்டில் இருக்கும் ரீடர் ரேடியோ அலையை வீசும், அந்த அலையின் சக்தியிலேயே சில்லு விழித்துத் தன் எண்ணைச் சொல்லும். அவ்வளவுதான். 2021 பிப்ரவரியிலிருந்து நாட்டில் எல்லா நாலு சக்கர வண்டிக்கும் அது கட்டாயம். ஆக, 'இந்தியாவில் இதெல்லாம் நடக்காதுப்பா' என்கிற வாதம் வத்தலக்குண்டு போகும் வழியில் முதல் டோல்கேட்டிலேயே அடிபட்டுப்போகிறது.

நம் ராணுவமும் சும்மா இல்லை. 2022 செப்டம்பரில் புனே பக்கம் கட்கி தோட்டாத் தொழிற்சாலையிலிருந்து மகாராஷ்டிரத்தின் புல்காவ் மத்திய வெடிபொருள் கிடங்குக்கு டேக் ஒட்டிய 5.56 மி.மீ. தோட்டாப் பெட்டிகள் முதல்முறையாகப் போயின. அந்தப் புல்காவ் கிடங்கில்தான் 2016 மே 31 அன்று பெருந்தீ பிடித்து, அதிகாரிகளும் தீயணைப்பு வீரர்களும் உட்படப் பலர் செத்தார்கள். பெட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பழசு, எப்போது அப்புறப்படுத்த வேண்டும் என்பது வெடிபொருளில் உயிர்ப் பிரச்சினை. கட்கி தொழிற்சாலையை நடத்தும் அதே மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ்தான் நம் நீலகிரி அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையும் வருகிறது. கோவையிலும் ஓசூரிலும் சேலத்திலும் திருச்சியிலும் 'பாதுகாப்புத் தொழில் வழித்தடம்' என்று பெரிதாகப் பேசுகிறார்கள். அங்கே ராணுவத்துக்குப் பொருள் செய்யக் காத்திருக்கும் பட்டறைக்காரர்கள் இந்த டேக் விஷயத்தை இப்போதே படித்துவைப்பது நல்லது. இன்றைக்குத் தோட்டா, நாளைக்கு போல்ட்டும் நட்டும்.

சரி, இப்போது மலை ஏறுவோம்.

கொடைக்கானல், செயின்ட் மேரீஸ் ரோடு. 1983-ல் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலையைப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே வைத்தார்கள். முதலில் பாண்ட்ஸ், பிறகு கைமாறி இந்துஸ்தான் லீவர் (இன்றைய இந்துஸ்தான் யூனிலீவர்). பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்குப் போனது. நம்மிடம் தங்கியது உடைந்த கண்ணாடியும் அதில் ஒட்டிய பாதரசமும்.

உள்ளே வந்த பாதரசத்துக்குக் கணக்கு இருந்திருக்கும், காசு கொடுத்து வாங்கியது அல்லவா. வெளியே போன தெர்மாமீட்டருக்கும் கணக்கு இருந்திருக்கும், காசு வர வேண்டுமே. நடுவில் உடைந்த கண்ணாடிக்கு?

2001 மார்ச் 7 அன்று அந்தக் கேள்விக்குப் பதில் மூஞ்சிக்கல்லில் கிடைத்தது. ஒரு காயலான் கடையில், கிழிந்த சாக்குகளில், பாதரசம் ஒட்டிய கண்ணாடித் தூள். 7.4 டன். ஊர் ஜனங்களும், முன்னாள் தொழிலாளர்களும், பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும், கிரீன்பீஸ் அமைப்பும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். பக்கத்திலேயே ஜனம் நடமாடும் கடைத்தெரு. சாக்கில் என்ன என்று சொல்ல ஒரு சீட்டு கிடையாது. எடைபோட்டு விற்ற பழைய பொருள், அவ்வளவுதான். தங்கள் சொந்த நடைமுறையை மீறி அது விற்கப்பட்டுவிட்டது என்று கம்பெனியே பிற்பாடு ஒப்புக்கொண்டது. அந்த மாதமே தொழிற்சாலையும் மூடப்பட்டது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். 7.4 டன் என்பது அன்றைக்கு அங்கே இருந்தது மட்டும். அதற்கு முன் பதினேழு பதினெட்டு வருடம் எத்தனை சாக்கு எந்தக் கடைக்குப் போனது? தொழிற்சாலைக்குப் பின்னால் சரிந்து இறங்கும் பாம்பார் சோலையில் எவ்வளவு? பாம்பாறு சும்மா நிற்கும் குட்டை இல்லை, கும்பக்கரையில் அருவியாக விழுந்து பெரியகுளம் பக்கம் போகும் தண்ணீர். எவ்வளவு பாதரசம் மண்ணுக்கும் காற்றுக்கும் போனது என்பதில் கம்பெனி ஒரு கணக்கு சொன்னது, தொழிலாளர் தரப்பும் சூழல் அமைப்புகளும் வேறு கணக்கு சொன்னார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் அணுசக்தித் துறை ஆய்வகத்து விஞ்ஞானிகள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் கொடைக்கானல் ஏரியின் தண்ணீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருந்ததைப் பதிவு செய்தார்கள். தொழிலாளர் உடல்நலத்துக்குப் பாதிப்பே இல்லை என்பது கம்பெனியின் நிலை. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடும் குடும்பங்களோடும் 'மனிதாபிமான அடிப்படையில்' உடன்பாடு செய்துகொண்டதும் அதே கம்பெனிதான். பதினைந்து வருடம்! 2015-ல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாட்டு யூடியூபில் உலகம் சுற்றியிராவிட்டால் இன்னும் எத்தனை வருடமோ.

அந்தப் பதினைந்து வருடத்தில் பெரும்பகுதி எதில் போனது? யார் எவ்வளவு அனுப்பினார்கள், எங்கே போனது, எவ்வளவு மிச்சம் என்ற சண்டையில். ராணுவக் கிடங்கில் ஒரு குமாஸ்தா ரீடரைக் காட்டி அரை நிமிஷத்தில் சொல்லவேண்டிய பதில்!

இப்போது பென்சில்வேனியாவுக்கு வருவோம். 2003 மே மாதம், கொடைக்கானல் தொழிற்சாலையில் மிச்சமிருந்த பாதரசக் கழிவில் சுமார் 290 டன்னைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். போன இடம் பென்சில்வேனியாவில் பெத்லஹேம் அப்பரேட்டஸ் என்கிற பாதரச மறுசுழற்சி நிறுவனம். எத்தனை டன், எந்த மாதம், எந்த ஊர், யார் கைக்கு — இருபது வருடத்துக்கும் மேல் கழித்து ஒரு கல்லூரி மாணவனான என்னால் இங்கே உட்கார்ந்து சொல்ல முடிகிறது. ஏன்? அந்தப் பக்கம் வாங்குகிறவன் 'என்ன, எவ்வளவு' என்று கேட்டான். மூஞ்சிக்கல்லுக்குப் போன சாக்கைப் பற்றி யாரும் அப்படிக் கேட்கவில்லை. கடல் தாண்டிப் போன கழிவுக்குக் கணக்கு உண்டு, மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போன கழிவுக்குக் கணக்கு இல்லை. அதே மாநிலத்தின் கிடங்கு ஒன்று இரண்டே வருடத்தில் சாக்ஸ் பெட்டிக்கும் டேக் கேட்க ஆரம்பித்தது என்பது தற்செயல்தான். ஆனால் எனக்கு அதைப் படித்தபோது வயிறு எரிந்தது.

'அப்போது சட்டம் இல்லை' என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். அபாயக் கழிவு விதிகள் 1989-லேயே வந்துவிட்டன. பாதரசக் கழிவு அந்தப் பட்டியலில் உண்டு. கழிவைப் பொட்டலம் கட்டுவது, லேபிள் ஒட்டுவது, ஏற்றிச் செல்வது பற்றித் தனி விதியே உண்டு. 2016-ல் அதைப் புதுப்பித்து எழுதியபோது இன்னும் அழகு பண்ணினார்கள். பீப்பாய் மேல் ஒட்ட எட்டாம் எண் படிவம். லாரியோடு போக பத்தாம் எண் படிவம், அதுவும் ஏழு பிரதி: வெள்ளை, மஞ்சள், ரோஸ், ஆரஞ்சு, பச்சை, நீலம், சாம்பல். கொடைக்கானல் மலர்க் கண்காட்சியில் கூட இத்தனை கலர் ஒரே வரிசையில் பார்க்க முடியாது! எந்தக் கலர் யாருக்கு என்பதெல்லாம் துல்லியமாக எழுதியிருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் இதில் இணையப் படிவத்துக்கும் வந்தாயிற்று. ஆனால் படிவம் என்பது அனுப்புகிறவன் சொல்கிற சொல். பத்து பீப்பாய் அனுப்பி எட்டு என்று எழுதினால், எட்டுக்குத்தான் ஏழு கலர். மிச்சம் இரண்டு பீப்பாய் எந்தக் கலரிலும் வராது.

இந்த இடத்தில்தான் ராணுவச் சரக்குக்கும் கழிவுக்கும் உள்ள பெரிய வித்தியாசம். சாக்ஸ் பெட்டி தொலைந்தால் கேட்க ஆள் உண்டு. கழிவுப் பெட்டி தொலைந்தால் அனுப்பியவனுக்கு லாபம், ஏனென்றால் சுத்திகரிப்புக்குக் கட்டவேண்டிய காசு மிச்சம். வாங்க வேண்டியவனும் 'ஏன் வரவில்லை' என்று போன் போடமாட்டான். மொத்தத்தில் அது தொலைவதை எல்லாரும் விரும்புகிறார்கள், காயலான் கடையில் அதை வெறும் கையால் அள்ளுகிற பையனைத் தவிர. எனவே எங்கே நம்பிக்கை அதிகமோ அங்கே டேக் வைத்திருக்கிறோம், எங்கே திருட்டுத்தனத்துக்குக் காரணம் அதிகமோ அங்கே கலர் தாள் வைத்திருக்கிறோம்.

வேறு எதற்கெல்லாம் நாம் அடையாளம் வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். மாட்டுக்குக் காதில் 12 இலக்க எண். நீலகிரியில் 2022-ல் ஆரம்பித்து, டாஸ்மாக் பாட்டிலுக்கு அடையாளம் வைத்து, காலியைத் திருப்பித் தந்தால் பத்து ரூபாய். கொடைக்கானலுக்கு வருகிற சுற்றுலாக்காரனுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ். 2025 கோடையில் வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உயர் நீதிமன்றமே எண்ணிக் கொடுத்தது. இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. மலை தாங்காது, எண்ணத்தான் வேண்டும். ஆனால் தேனிலவுக்கு வருகிற புதுமணத் தம்பதி எத்தனை பேர் என்று எண்ணத் தெரிந்த அரசுக்கு விஷப் பீப்பாய் எத்தனை என்று எண்ணத் தெரியாதா?

மருத்துவக் கழிவில் பாதி வழி போயிருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2016 விதிகளின்படி ஆஸ்பத்திரிக் கழிவுப் பைகளுக்கு பார்கோடு கட்டாயம். நல்ல விதி. ஆனால் 2024 டிசம்பரில் திருநெல்வேலி நடுக்கல்லூர் பக்கம் கேரள ஆஸ்பத்திரிக் கழிவைக் கொண்டுவந்து கொட்டினார்களே, அது எந்த ஊர்க் கழிவு என்று எப்படித் தெரிந்தது? குப்பைக்குள் கிடந்த ஆஸ்பத்திரிக் காகிதங்களால். யாரோ ஒரு புற்றுநோயாளியின் சீட்டுதான் அங்கே டேக்! பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கேரளமே லாரி அனுப்பித் திரும்ப அள்ளிக்கொண்டு போனது. பார்கோடை ஒவ்வொரு பையாகக் கையில் எடுத்துக் கண்ணெதிரே காட்டினால்தான் படிக்கும். யாரும் காட்டாவிட்டால் அது வெறும் கோடு. ரேடியோ டேக் அப்படி இல்லை. சாக்குக்குள் இருந்தாலும், லாரி ஓடிக்கொண்டிருந்தாலும் வாசலில் உள்ள ரீடருக்குப் பதில் சொல்லிவிடும். ராணுவம் அதைத் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான்.

எங்கள் வகுப்பு புத்திசாலிகள் உடனே ஒன்று சொல்வார்கள். 'டேய், ரேடியோ அலைக்கு ஆகாத இரண்டு பொருள் திரவமும் உலோகமும். பாதரசம் இரண்டும் சேர்ந்தது!' ஒத்துக்கொள்கிறேன், நல்ல ஜோக். ஆனால் டேக் ஒட்டுவது பாதரசத்தின் மேல் இல்லை, பீப்பாயின் மேல். உலோகப் பரப்பில் வேலை செய்கிற டேக் பல வருடமாகக் கடையில் கிடைக்கிறது. தோட்டாவும் பித்தளைதானே, கட்கியிலிருந்து புல்காவ் போகவில்லையா? இன்னொரு கூத்து: அமெரிக்க விதியில் மணல், ஜல்லி, நிலக்கரி, மொத்தமாக வரும் ரசாயனத் திரவம் இவற்றுக்கெல்லாம் டேக் வேண்டாம் என்று விலக்கு உண்டு. அந்த விலக்கை அப்படியே காப்பியடித்தால் நம் கதை கந்தல். கழிவு விஷயத்தில் மொத்தச் சரக்குதான் முதலில் டேக் ஒட்டவேண்டியது.

'சின்னத் தொழிற்சாலைக்காரன் தாங்குவானா' என்பது அடுத்த வாதம். டேக் விலை இன்று ஃபாஸ்டேக் அளவுக்கு மலிந்துவிட்டது. அதைவிட முக்கியம், யார் மேல் சுமையை வைப்பது என்பது. ராணுவம் தன் வசதிக்காகச் சின்ன சப்ளையர் தலையில் கட்டியது, அவன் முனகியதில் நியாயம் உண்டு. இங்கே விஷத்தை மலைக்குக் கொண்டுவருகிறவன் கட்டட்டும். அவன் லாபத்தில் அது ஒரு டீச் செலவு.

ஒட்டு-அனுப்பு-மற வித்தை இங்கும் நடக்குமே என்றால், நடக்கும். அதனால்தான் டேக்கோடு ஒரு பூட்டும் வேண்டும் என்கிறேன். அபாயப் பொருள் உள்ளே வரும்போது அந்தப் பெட்டியின் எண் வாரியத்தின் கணினியில் ஏறட்டும். கழிவு வெளியே போகும்போது புது டேக், போய்ச் சேர்ந்த இடத்தில் அங்கிருக்கும் ரீடர் படித்தால்தான் வரவு. உள்ளே வந்தது, பொருளாகப் போனது, கழிவாகப் போய்ச் சேர்ந்தது, இந்த மூன்றும் ஒத்துப்போகாதவரை அடுத்த லோடுக்கு அனுமதி கிடையாது. அனுப்பியவன் சொல்லை நம்பாமல், வந்து சேர்ந்ததை மட்டும் நம்புவது. பாதரசத் தெர்மாமீட்டரின் காலம் முடிந்துபோனது, மினமாட்டா ஒப்பந்தத்தில் 2018-ல் இந்தியாவும் சேர்ந்தாயிற்று. ஆனால் பேட்டரியும், கழிவு ஆயிலும், ஆஸ்பத்திரிக் கழிவும், மன்னவனூர் பூம்பாறைத் தோட்டங்களின் காலி மருந்து டப்பாக்களும் மலை மேல் இன்றும் இருக்கின்றன.

இதைச் சோதித்துப் பார்க்கப் பழனி மலையைவிட வசதியான இடம் கிடையாது. தாண்டிக்குடி பக்கத்து வழிகளை விட்டால், கொடைக்கானல் ஊருக்கு வத்தலக்குண்டு ரோடு, பழனி ரோடு, அடுக்கம் ரோடு. மூன்றும் பெருமாள்மலையில் வந்து சேர்கின்றன. அதற்கு மேலே வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் நகராட்சியின் சுங்கச் சாவடி ஏற்கெனவே இருக்கிறது, இ-பாஸ் பார்க்க ஆளும் நிற்கிறார்கள். ஏறுகிற பக்கம் காரை எண்ணுகிற அந்த இடத்திலேயே, இறங்குகிற பக்கம் லாரியைப் படிக்க ஒரு ரீடர் மாட்ட ஒரு கம்பமும் ஒரு கரண்ட் கனெக்ஷனும் போதும்.